நாலாம் பெட்டிக்குச் சீனித் தண்ணீர்

மே 9, வெள்ளி

இந்த டைரி கோவில்பட்டி நகைக்கடைக்காரன் புது வருஷத்துக்குக் கொடுத்தது. ஊரில் இருந்தவரை இதைத் தொட நேரமில்லை. இங்கே வந்த பிறகு தொடுவதற்கு இது ஒன்றுதான் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ராகு காலம் அச்சடித்திருக்கிறான். இந்த ஊரில் சூரியனே வந்தால் வந்தது, வராவிட்டால் போனது. ராகு பாவம், எதை வைத்து நேரம் பார்ப்பான்?

ஊர் இங்கிலாந்தில் வடக்கே இருக்கிறது. பெயரை எழுதினால் பேனா சுளுக்கிக்கொள்ளும். என் மகள் சுபாஷினி இங்கே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வண்டு வளர்க்கிறாள். எம்.எஸ்ஸி., பிஎச்.டி. எல்லாம் இதற்குத்தான். போன மாதம் ஒரு வண்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும்போது வழுக்கி விழுந்திருக்கிறாள். பெட்டிக்கு ஒரு கீறல் இல்லை, இவளுக்கு வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெட்டியைக் கீழே விட்டிருக்கலாமே என்று கேட்டேன். “எம்மா, உள்ள ராணி இருந்துச்சும்மா” என்கிறாள். இவளைப் பெற்றவள் மகாராணி இல்லை போலிருக்கிறது.

கையில் மாவுக்கட்டோடு தனியாக என்ன செய்வாள் என்று நான் கிளம்பி வந்துவிட்டேன். ரெண்டு மாதத்துக்கு டிக்கெட். அங்கே இவரைத் தனியாக விட்டுவிட்டு வந்ததுதான் நெஞ்சில் பாறாங்கல். மின்வாரியத்தில் ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுத்து ஓய்வு பெற்ற மனுஷன். வீட்டில் அடுப்பு எந்தப் பக்கம் திருகினால் எரியும் என்று தெரியாது. கல்யாணமாகி முப்பத்து நாலு வருஷத்தில் தண்ணீர் கொதிப்பதைக்கூட அவர் பார்த்ததில்லை, குடித்திருக்கிறார். மூன்று வேளைக்கும் கேரியர் கொண்டுவந்து தரச் சொல்லி மெஸ் நடத்தும் கனகத்திடம் ஏற்பாடு செய்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று டப்பா டப்பாவாகப் பெயர் எழுதி ஒட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

“பாத்துக்கிடுறேன் ஜெகதா, நீ போய்ட்டு வா” என்றார். இவர் பார்த்துக்கொண்ட லட்சணம் எனக்குத் தெரியாதா?

மே 12, திங்கள்

இவர் போன் பண்ணினார். “உப்பு எங்க இருக்கு?”

உப்பு என்று எழுதி ஒட்டிய டப்பாவில் இருக்கிறது என்றேன். கனகம் உப்புக் குறைவாகப் போட்டிருக்கிறாளாம். அந்தக் கழுதைக்கு முப்பது வருஷமாக அதே வியாதி. அரைமணி நேரம் பேசினேன். பால் பாக்கெட்டை எப்படி வெட்டுவது, சிலிண்டரை எப்போது மூடுவது, பூனைக்கு எந்தத் தட்டு, எல்லாம் ஆதியிலிருந்து சொல்லவேண்டியிருந்தது. குழந்தைப்பிள்ளை மாதிரி ‘ம், ம்’ என்று கேட்டுக்கொண்டார்.

மே 15, வியாழன்

சுபா தன் வேலையிடத்தைக் காட்டக் கூட்டிக்கொண்டு போனாள். ஓர் இருட்டறை. சிவப்பு விளக்கு மட்டும் எரிகிறது. அந்தச் சிவப்பு வண்டுகளின் கண்ணுக்குத் தெரியாதாம். வெளியே பல் கிட்டுகிற குளிர், உள்ளே கோவில்பட்டிச் சித்திரை வெயில். நான் சுவெட்டரைக் கழற்றிவிட்டு அங்கேயே ஒரு பாயை விரித்துப் படுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

பெட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். “என்னட்டி, இந்த வண்டு…”

“எம்மா, வண்டு இல்ல. தேனீ. பம்பிள் பீ.”

“தேனீன்னா இடுப்புன்னு ஒண்ணு இருக்கணும்ல? இது கம்பளிச் சட்டை போட்ட களாக்காய் மாதிரில்ல இருக்கு.”

இந்த நாட்டு வயல்களில் இவை குறைந்துகொண்டே வருகின்றனவாம். அதனால் அறைக்குள் பெருக்கி வெளியே விடுகிறார்கள். அப்படி விட்டால் பிழைக்குமா, தானாகப் பூவைத் தேடிக்கொள்ள எத்தனை காலம் ஆகும் என்று பார்ப்பதுதான் என் மகளின் ஆராய்ச்சி. அது ஒழுங்காக வந்தால் வேலையை இன்னும் மூன்று வருஷம் நீட்டிப்பார்களாம். வராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்கு வரவேண்டியதுதான். வந்தால் கல்யாணமாவது பண்ணிவைக்கலாம் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பாவம், முகத்தைப் பார்த்ததும் அந்த நினைப்பை விழுங்கிவிட்டேன்.

இந்த வண்டுகள் பிறந்ததிலிருந்து பூ என்றால் என்னவென்று பார்த்ததில்லை. வானம் தெரியாது, காற்று தெரியாது. இருந்த இடத்துக்குச் சீனித் தண்ணீர் வருகிறது. மகரந்தத்தைச் சீனித் தண்ணீரில் பிசைந்து உருட்டி வாய்க்குப் பக்கத்தில் வைக்கிறார்கள். புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் தலைதீபாவளியோடு முடிந்துவிடும். தின்றுவிட்டுத் தடித்தடியாக உட்கார்ந்திருக்கின்றன. இப்படி வளர்த்தால் எது உருப்படும் என்று சுபாவிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மே 20, செவ்வாய்

பெட்டிகளை வெளியே வைத்துவிட்டார்கள். மொத்தம் ஆறு. ஐந்து பெட்டி நிலையத்தின் ஆப்பிள் தோட்டத்தில். வீட்டுத் தோட்டத்தில் எப்படி இருக்கிறது என்று பார்க்க, நாலாம் பெட்டி எங்கள் பின்வாசலில். அடுக்களை ஜன்னலுக்கு நேரே இருக்கிறது. பாத்திரம் கழுவிக்கொண்டே பார்க்கலாம், டிவி மாதிரி.

காலையில் சுபாவுக்கு ரசம் சாதம் ஊட்டிவிட்டேன். “இடது கையால ஸ்பூன்ல சாப்பிடுறேன்மா” என்றாள். ஸ்பூனால் ரசம் சாதம் சாப்பிடுகிற காட்சியை என்னால் சகிக்க முடியாது.

பிறகு பெட்டியின் கதவைத் திறந்தோம். ஒருத்தி வாசல்வரை வந்தாள். வெளிச்சத்தைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள். அடுத்தவள் வந்தாள், அவளும் திரும்பிவிட்டாள். கல்யாண வீட்டில் யார் முதல் பந்தியில் உட்காருவது என்று ஆளாளுக்கு முழிப்பது போல இருந்தது. மத்தியானம் ஒருத்தி துணிந்து பறந்தாள். பறந்தவள் முன்னே பார்த்துப் போகக்கூடாதா? பெட்டியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, பின்பக்கமாகவே நகர்ந்து, வட்டம் வட்டமாகச் சுற்றினாள்.

“வீட்டை அடையாளம் வச்சுக்குதும்மா! யாரும் சொல்லிக் குடுக்கல!” என்று சுபா ஒரு கையால் கைதட்ட முடியாமல் தொடையைத் தட்டினாள்.

வட்டம் போட்டு முடித்த புண்ணியவதி நேராகப் போய், கொடியில் காய்ந்துகொண்டிருந்த என் மஞ்சள் பூனம் சேலையில் உட்கார்ந்து தேனைத் தேடினாள். பக்கத்திலேயே ஒரு செடி நிறையப் பூ. அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மே 23, வெள்ளி

இன்றோடு சீனித் தண்ணீர் நிறுத்தம். மகரந்த உருண்டையும் கிடையாது. மீதியிருந்த உருண்டை மாவை ஃப்ரிட்ஜில் மோருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள்.

காலையிலிருந்து மழை. ஒன்றுகூட வெளியே போகவில்லை. வாசலில் வந்து வந்து நிற்கின்றன.

“ஏட்டி, அதுக்குப் பசிக்குமே.”

“பசிக்கட்டும்மா. பசிச்சாத்தான் போகும்.”

“மழை விட்டப்புறம் நிறுத்துனா ஆகாதா?”

“வெளிய எப்பவும் மழைதான்மா. இந்த ஊர்ல வாழணும்னா மழையில போகக் கத்துக்கணும்.”

பெற்ற தாய் பேசுகிற பேச்சா இது? இவள் பெறவில்லைதான். இருந்தாலும் வளர்த்தாளே. படிக்கப் படிக்க மனசு காய்ந்துபோகிறது.

இவர் போன் பண்ணினார். குக்கரில் அரிசிக்கு எத்தனை விசில் என்று கேட்டார். கேரியர் வருகிற வீட்டில் குக்கர் எதற்கு என்று கேட்டேன். “சும்மா, தெரிஞ்சு வச்சுக்கிடலாம்னு” என்றார். அடுக்களைப் பக்கமே போகாதீர்கள், வெடித்துவிடப் போகிறது என்று சத்தம் போட்டேன். பாவம், வாய்க்கு ருசியாக ஏதோ கேட்கிறது போல. திங்கட்கிழமைக்குத் தயிர்வடை செய்யச் சொல்லி கனகத்துக்கு வாட்ஸப்பில் சொல்லிவிட்டேன்.

மே 24, சனி

இன்று விசேஷம் ஒன்றும் இல்லை. சீனி தீர்ந்துவிட்டது. கடைக்குப் போகவேண்டும்.

மே 28, புதன்

மறுபடியும் சீனி வாங்கினேன். எனக்குத் தித்திப்பாக டீ குடித்துப் பழக்கம்.

சுபா காலையில் போனால் சாயங்காலம்தான் வருகிறாள். நாள் முழுக்க வீட்டில் நானும் அந்த வாயில்லா ஜீவன்களும்தான். பெட்டி மூடியில் தக்கை அடைத்த ஒரு துவாரம் இருக்கிறது. சாப்பாடு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் வைத்திருக்கிறான். சாப்பாடு வைக்கக்கூடாதென்றால் அதை ஏன் வைக்கிறான்? ஃப்ரிட்ஜில் இருக்கிற மாவும் நாலு நாள் போனால் புளித்துவிடும். வீணாக்குவது எனக்குப் பிடிக்காது. சீடை அளவுக்கு உருட்டினால் துவாரத்தில் சரியாக இறங்குகிறது.

இவருக்குக் கனகத்தின் தயிர்வடை பிடித்திருந்ததாம். “ரொம்ப நல்லாருந்துச்சு” என்றார். அந்தக் கழுதை என் செய்திக்குப் பதிலே போடவில்லை. செய்தாளே, அதுவரை சரி.

ஜூன் 3, செவ்வாய்

சுபா சந்தோஷத்தில் துள்ளுகிறாள். ஆப்பிள் தோட்டத்துப் பெட்டிகள் ஐந்தும் முதல் வாரம் எடை குறைந்து, இப்போதுதான் மெல்லத் தேறுகின்றனவாம். நாலாம் பெட்டி மட்டும் குறையவே இல்லை. வெளியே போகிறவர்களும் அதிகமில்லை, உள்ளே பிள்ளைகள் கொழுகொழு என்று இருக்கின்றன.

“எப்படிம்மா இது? ரொம்பக் கொஞ்சமா அலைஞ்சு ரொம்ப நிறையச் சேர்க்குது. ஏதோ புதுசா ஒரு வழி கண்டுபிடிச்சிருக்கு. எங்க பாஸ் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாக்குறார்மா.”

“நம்ம வீட்டுக் காத்து அப்படி” என்றேன்.

கத்தரிக்காய் கருகிவிட்டது. புது அடுப்பு, இன்னும் பிடிபடவில்லை.

ஜூன் 5, வியாழன்

வீடியோவில் இவரைப் பார்த்தேன். கன்னம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. ஊதியிருக்கும். கவலையில் சிலருக்கு முகம் ஊதும்.

“சீரகம் எங்க ஜெகதா?” என்று கேட்கிறார். சீரக டப்பா அவர் கையிலேயே இருக்கிறது! என் பெரிய எழுத்தில் ‘சீரகம்’ என்று காமிராவைப் பார்த்துப் பல்லிளிக்கிறது. அதைச் சொன்னதும் டப்பாவைத் திருப்பிப் பார்த்து, “அட, ஆமா” என்றார். இந்த மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? எனக்கு ஒன்று ஆகிப்போனால் இவர் கதி என்ன என்று நினைத்தேன்.

தோளில் ஒரு துண்டு போட்டிருந்தார். அடுக்களையில் நான் போட்டுக்கொள்வது போல. கனகம் சாப்பாட்டில் எண்ணெயை ஊற்றுகிறாள் போலிருக்கிறது, கை துடைக்க வேண்டியிருக்கும்.

ஜூன் 8, ஞாயிறு

வியாழக்கிழமை பெரிய கூட்டமாம். வெளியூரிலிருந்தெல்லாம் வருகிறார்கள். சுபா எழுந்து நின்று நாலாம் பெட்டியைப் பற்றிப் பேசப் போகிறாள். படம் போட்டு, கோடு போட்டு, இடது கையாலேயே கம்ப்யூட்டரைத் தட்டித் தட்டித் தயார் செய்கிறாள். வேலை நீட்டிப்பு இதை வைத்துத்தான் முடிவாகும் என்று பாஸ் ஜாடையாகச் சொன்னாராம்.

நான் என்ன கொலையா பண்ணினேன்? பசித்த வாய்க்கு ஒரு கை போட்டேன். அதற்குப் போய் நாற்பது பேர் கூட்டம் போட்டு, வரைபடம் வரைந்து…

மத்தியானம் தாங்காமல் இவருக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். சுற்றி வளைக்காமல், “சொல்லிரு” என்றார். “இப்பச் சொன்னா வீட்டுக்குள்ளயே முடிஞ்சு போகும். அப்புறம் தெரிஞ்சா அவ பேரு போகும்.”

பின்னால் சடசடவென்று கடுகு வெடிக்கிற சத்தம். என்ன சத்தம் என்றேன். “டிவி” என்றார். இந்த நேரத்தில் எந்த சானலில் சமையல் போடுகிறான்?

ஜூன் 10, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன். “சுபா, அந்த நாலாம் பெட்டி அபூர்வம்லாம் இல்லட்டி. நான்தான் சாப்பாடு வச்சேன்.”

வாயைத் திறந்தவள் மூடிக்கொண்டாள். “எப்ப இருந்து?”

“நீ நிறுத்துன மறுநாள்ல இருந்து.”

“மகரந்தமுமா?”

“வெறும் சீனித் தண்ணி உடம்புக்கு ஆகுமா?”

முதலில் சிரித்தாள். சிரிப்பென்றால் சிரிப்பு, நாற்காலி ஆடுகிறது. அப்புறம் பார்த்தால் அழுகிறாள். மாவுக்கட்டுக் கையால் கண்ணைத் துடைத்து மூக்கை இடித்துக்கொண்டாள்.

“நாளன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னு பேசியிருப்பேன்மா.”

“பேசலைல்ல. அதான் சொல்லிட்டேன்ல.”

“பசிச்சா செத்துப்போகும்னு நினைக்கிற நீ. பசிச்சாத்தான்மா அது வெளிய பார்க்கும். நான் ஹாஸ்டலுக்குப் போன மொத வருஷம் எவ்வளவு இளைச்சேன், ஞாபகம் இருக்கா? மெஸ் சாப்பாடு சரியில்லைன்னு நீ சண்டைக்குப் போன. சாப்பாடு நல்லாத்தாம்மா இருந்துச்சு. தட்டை எடுத்துக்கிட்டு வரிசையில போய் நிக்கணும்னு எனக்குத் தெரியல. யாராச்சும் சாப்பிடக் கூப்பிடுவாங்கன்னு ரூம்லயே உக்காந்திருப்பேன்.”

இதை இத்தனை வருஷம் கழித்துச் சொல்கிறாள். அந்த மெஸ்காரனை நான் அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியிருக்கிறேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் அவனாவது தப்பித்திருப்பான். கையில் இருந்த உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டேன். அவள் ஸ்பூனை எடுத்துச் சாப்பிட்டாள். ரசம் தாடையில் வழிந்தது. நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 12, வியாழன்

கூட்டம் முடிந்துவிட்டது. நாலாம் பெட்டியைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்து பெட்டியை வைத்தே சுபா பேசினாளாம். பாஸ் காரணம் கேட்டிருக்கிறார். “எங்கம்மா சாப்பாடு போட்டாங்க” என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “என் அம்மாவும் போட்டிருப்பாங்க” என்றாராம். வேலை நீட்டிப்பு செப்டம்பரில் தெரியும்.

கணக்கில்தான் இல்லையே, இனிமேல் போடலாமா என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

ஜூன் 14, சனி

மழை. பெட்டி வாசலில் வெள்ளை வெள்ளையாக என்னவோ கிடந்தது. புழுங்கலரிசி சிந்தியதோ என்று குனிந்து பார்த்தேன். அரிசி இல்லை. வண்டுக் குஞ்சுகள்.

“சாப்பாடு பத்தலைன்னா குஞ்சுங்கள இழுத்து வெளிய போட்ரும்மா” என்று சுபா மெதுவாகச் சொன்னாள். “மத்த பெட்டியில எல்லாம் குஞ்சு கம்மியா இருக்கும்போதே இந்தப் பாடம் முடிஞ்சிருச்சு. இது வயித்துக்குக் கிடைச்ச தைரியத்துல நிறையப் பெத்துக்கிச்சு.”

ஒரு திட்டாவது திட்டியிருக்கலாம்.

ஜூன் 16, திங்கள்

வீட்டில் யாரும் இல்லை. போட்டாலும் ஒருவருக்கும் தெரியாது. வாசலில் ரெண்டு பேர் நகரக்கூட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள். சீனி டப்பாவை எடுத்தேன், திறந்தேன், பின்வாசல்வரை போனேன். எத்தனை பேருக்குச் சமைத்திருப்பேன், பசிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றதே இல்லை.

திரும்பி வந்து டீ போட்டுக் குடித்தேன். மூன்று கரண்டி சீனி போட்டும் கசந்தது.

ஜூன் 18, புதன்

போய்விட்டார்கள்! தூறல் நிற்கவே இல்லை, இருந்தும் போய்விட்டார்கள்! பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் அவரைக்காய்ச் செடி மாதிரி ஒன்று போட்டிருக்கிறார். வேலியோரம் நின்று பார்த்தேன். எங்கள் வீட்டுச் சிகாமணி ஒருத்தி பூவின் முன்வாசலில் முட்டி முட்டிப் பார்த்தாள். திறக்கத் தெரியவில்லை. பொறுமையில்லாமல் பின்பக்கம் போய், பூவின் அடியைக் கடித்து ஓட்டை போட்டு அதன் வழியாக உறிஞ்சினாள். அதைப் பார்த்து இன்னொருத்தியும் அதே ஓட்டையில் வாயை வைத்தாள்.

சாயங்காலம் சுபாவிடம் சொன்னேன். “அது திருட்டும்மா. மகரந்தத்துல ஒட்டாம தேனை மட்டும் எடுக்கிறது” என்றாள்.

“திருடத் தெரிஞ்சிருச்சுல்ல? இனிமே பிழைச்சிரும்.”

கொஞ்ச நேரத்தில் வேறொருத்தி ரெண்டு காலிலும் மஞ்சள் உருண்டை கட்டிக்கொண்டு, பாரம் தாங்காமல் தள்ளாடித் தள்ளாடி வந்து வாசலில் விழுந்தாள். நான் பிசைந்த உருண்டையைவிடச் சின்னதுதான். ஒழுங்கான வட்டம்கூட இல்லை. ஆனாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஜூன் 20, வெள்ளி

சுபாவுக்குக் கட்டுப் பிரித்துவிட்டார்கள். ராத்திரிக்கு அவளே தோசை சுட்டாள். எனக்கும் சேர்த்து.

அதற்கு முன்னால் ஒன்று நடந்தது. எதிர்வீட்டுத் தங்கபுஷ்பம் ஊரிலிருந்து போன் பண்ணினாள். மாவுக்கட்டை விசாரித்துவிட்டு, “மதினி, அண்ணாச்சி நேத்து வெண்டைக்காய் புளிக்குழம்பு குடுத்தனுப்பினாக. கைப்பக்குவம் உங்கள மாதிரியெல்லாம் இல்ல, அது வேற மாதிரி நல்லா இருக்கு” என்றாள்.

“எந்த அண்ணாச்சி?” என்றேன்.

“என்ன மதினி, நம்ம வீட்டு அண்ணாச்சிதான். ஒரு மாசமா அவுகதான சமைக்காக. கனகத்து கேரியரை நீங்க போன பத்து நாள்லயே நிறுத்திட்டாகளே. உங்களுக்குத் தெரியாதா?”

தெரியும் என்று சொல்லிவிட்டேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை.

ஜூன் 21, சனி

விடிந்ததும் போனைப் போட்டேன். வீடியோ இல்லை. மூஞ்சியைப் பார்க்க எனக்கு இஷ்டமில்லை.

“தயிர்வடை கனகம் செஞ்சது இல்ல?”

“இல்ல. நான்தான்.”

“உப்பு எங்க, குக்கருக்கு எத்தனை விசில்னு கேட்டதெல்லாம்?”

“மொதல்ல நெசமாவே தெரியாது ஜெகதா.”

“அப்புறம்? கையில டப்பாவ வச்சுக்கிட்டுச் சீரகம் எங்கன்னு கேட்டீங்களே, அது என்ன? நக்கலா? வெளிநாட்டுல உக்காந்து ஒருத்தி உங்களுக்காக வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு இருக்கா…”

“நக்கல் இல்ல.” அவர் தொண்டையைச் செருமினார். “நல்லாருக்கேன், சாப்ட்டேன்னு சொன்னா, ‘சரி வச்சிருறேன்’னு நீ வச்சிருற. ஏதாவது எங்க இருக்குன்னு கேட்டா அரைமணி நேரம் பேசுற. நமக்குள்ள வேற என்ன பேசணும்னு எனக்குத் தெரியல. உன் குரலக் கேக்கணும் போல இருக்கும், கேப்பேன்.”

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

“டிக்கெட்ட வேணும்னா தள்ளிப் போட்டுக்க” என்றார். “சுபா கூட இன்னும் ஒரு மாசம் இரு. நான் பாத்துக்கிடுவேன்.”

அதுதான் சுருக்கென்றது. மே மாதம் இதே வார்த்தையைச் சொன்னபோது சிரித்தேன். இப்போது நிஜமாகவே பார்த்துக்கொள்வார். நான் எதற்கு அங்கே போகவேண்டும்? பூனைக்குத் தட்டு வைக்கவா? போனை வைத்துவிட்டேன். இங்கே ஜன்னலுக்கு வெளியே ஒருத்தரும் என்னை எதிர்பார்த்து நிற்கவில்லை. அடுக்களையில் சுபா ரெண்டு கையாலும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

ஜூன் 22, ஞாயிறு

போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

இல்லை.

ஜூன் 26, வியாழன்

இல்லை. ரோஷக்காரர்தான். நான் மட்டும் என்ன, ரோஷத்தைக் கோவில்பட்டியில் விட்டுவிட்டா வந்தேன்?

நாலாம் பெட்டியில் கூட்டம் மற்றப் பெட்டிகளில் பாதிகூட இல்லையாம். ஆனால் எல்லாரும் வேலை செய்கிறார்கள். ஜன்னலில் நின்று பார்த்தேன். ஒருத்திகூட என் பக்கம் திரும்பவில்லை. நன்றி கெட்டதுகள். நன்றாக இருக்கட்டும்.

ஜூன் 29, ஞாயிறு

டிக்கெட்டை மாற்றவா என்று சுபா கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மத்தியானம் நானே போனைப் போட்டேன். ஒரே மணியில் எடுத்துவிட்டார். பக்கத்திலேயே வைத்திருந்திருக்கவேண்டும்.

“சாப்ட்டீங்களா?”

“சாப்ட்டேன்.”

வழக்கமாக இந்த இடத்தில்தான் நான் வைத்துவிடுவேனாம். அவரும் அதற்குத் தயாராகி, “சரி…” என்று இழுத்தார்.

“என்ன குழம்பு?” என்றேன்.

“வெண்டைக்காய் புளிக்குழம்பு.”

“எப்படி வச்சீங்க?”

“நெசமாவே கேக்குறியா?”

“ஆமா. எனக்குத் தெரியாது, சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தார். வெண்டைக்காயை யாரிடம் வாங்கினார், அவள் முற்றலை எப்படி உள்ளே தள்ளிவிட்டாள், இவர் எப்படி நுனியை ஒடித்துப் பார்த்துப் பிடித்துவிட்டார். புளி கரைக்க வெந்நீர்தான் நல்லது என்று கண்டுபிடித்தது. முதல் வாரம் ரெண்டு சட்டி கருகியது, அதைத் தங்கபுஷ்பத்துக்குத் தெரியாமல் தேய்த்தது. முப்பத்து நாலு வருஷத்தில் இந்த மனுஷன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மின்வாரியத்தில் புதுக் கம்பம் நட்ட காலத்தில்கூட இத்தனை பெருமை குரலில் இருந்ததில்லை.

“வெங்காயத்தப் போட்டேன். போட்ட கையோட புளியக் கரைச்சு ஊத்திட்டேன்” என்றார்.

வதக்காமல் புளியை ஊற்றினால் வெங்காயம் ஜென்மத்துக்கும் வேகாது. பச்சை வாடை அப்படியே நிற்கும். அடுக்களைக்குள் நேற்று நுழைந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“அப்புறம்?” என்று கேட்டேன்.